மறு: பழைய கணினி ‘கிறாஷ்’ ஆவதற்கு ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி ‘கிறாஷ்’ (crash) ஆவதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: செயலிழப்பு, முறிவு, நொறுங்கல், வீழ்ச்சி, நிலைகுலைவு. மதுரை ஐயா முதல் சொல்லுக்கும், ஸ்காபரோ அண்ணா ‘கிறாஷ் என்றே விட்டுவிடுங்கள்’ என்பதற்கும் வாக்களித்திருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் அயலவர்களின் கணினிகளைத் திறந்து பார்க்கிற ஆள். அகராதி தொகுத்துப் பழக்கமில்லை. என் குறை இதுதான்: வீட்டுக்காரர் ‘கிறாஷ்’ என்று சொல்வது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை. அந்த மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால், ஆங்கிலச் சொல்லால் வந்த குழப்பத்தைத் தமிழிலும் கொண்டுவந்து சேர்த்ததாகத்தான் முடியும்.

> ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்து உலகமே வேலை செய்கிறது. நமக்கு மட்டும் ஏன் மூன்று?

அண்ணா, பழுதுபார்ப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. ‘ஹாங்’ என்பார்கள், ‘புளூ ஸ்கிறீன்’ என்பார்கள், ‘தானாக ஓஃப் ஆகிறது’ என்பார்கள். தொலைபேசியில் முறைப்பாடு சொல்பவர்தான் எல்லாவற்றையும் ‘கிறாஷ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். அதன் விலை என்ன என்பதற்கு ஒரு கணினியின் கதையைச் சொல்கிறேன்.

கொழும்புத்துறையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். விண்டோஸ் 7 புதிதாக வந்த காலத்தில் வாங்கிய மேசைக் கணினி அவருடையது. பின்னர் விண்டோஸ் 10 ஏற்றியிருந்தார்கள். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு பேசுவதும், பழைய படங்களைச் சேர்த்து வைப்பதும் அதில்தான். ‘அடிக்கடி கிறாஷ் ஆகிறது’ என்று ஒருவரிடம் கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவிக் கொடுத்தார். அந்தக் கிழமையே பழையபடி. திரும்பக் கொண்டுபோனபோது, ‘2025 ஒக்ரோபர் 14ஓடு விண்டோஸ் 10இற்கான ஆதரவும் முடிந்துவிட்டது, இந்தப் பெட்டி 11ஐ ஏற்காது, புதிதாக வாங்குங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆதரவு முடிந்தது உண்மை. ஆனால் அதற்கும் கணினி விழுவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ரீச்சரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ஒரு கொப்பியில் நேரத்தையும், அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் அல்லவா, அழகாக எழுதித் தந்தார். மூன்று வகைக் குறிப்புகள் இருந்தன. படம் அப்படியே நிற்கிறது, மவுஸ் அசையவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது. நீலத்திரை ஒரு கணம் தெரிந்து, கணினி தானே மீண்டும் தொடங்குகிறது. எந்த அறிவிப்பும் இல்லாமல் எல்லாம் ஒரேயடியாக இருண்டுவிடுகிறது.

மூன்றாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லாக்கத்தில் எனக்கு அதிக ஆர்வம் தருவது அதுதான். கணினி இருண்ட நேரங்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவை காலையிலும் பின்னேரத்திலும் கிணற்று மோட்டர் போட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற நேரங்கள். ஒழுங்கையின் கடைசி வீடு. 230 வோல்ற்று என்பது அந்த வீட்டில் ஒரு நல்லெண்ணம் மட்டுமே. மோட்டர் தொடங்கும்போது மின்குமிழ் ஒருமுறை மங்கி எழும்பும். அந்தக் கணத்தில் யூபிஎஸ் (மின்சாரம் தடுமாறும்போது கணினியைத் தாங்கவேண்டிய பெட்டி) பற்றரிக்கு மாறுகிறது. பற்றரியோ எப்போதோ செத்துவிட்டது. இத்தகைய 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாங்கும்; அதை யாரும் மாற்றவில்லை. காப்பாற்ற வாங்கிய பெட்டியே கணினியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவிலும் இதற்குச் சாட்சி இருக்கும். ஒழுங்காக மூடப்படாமல் கணினி மீண்டும் தொடங்கினால் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். அதற்குள் இருக்கும் பிழைக் குறியீடு சுழியமாக இருந்தால், முறைமைக்கு, அதாவது விண்டோஸுக்கு, எதையும் எழுத நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்: பெரும்பாலும் மின்வலு போயிருக்கும், அல்லது பெட்டி முற்றாக இறுகிக் கிடந்து யாரோ பொத்தானை அழுத்திப்பிடித்திருப்பார்கள். குறியீடு சுழியமல்லாத எண்ணாக இருந்தால் நீலத்திரைதான் காரணம். மோட்டர் நேரப் பதிவுகள் எல்லாம் சுழியம்.

யூபிஎஸ் இல்லாத வீடுகளில் இதே இருளுக்கு வேறு காரணங்கள் உண்டு. முறைவழியாக்கியின் (CPU) மேலுள்ள வெப்பப் பசை காய்ந்து, விசிறியில் தூசி அடைந்து, வெப்பம் ஏறினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் வலு வெட்டப்படும். வலு வழங்கிக்குள் (power supply) இருக்கும் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தாலும் இப்படி ஆகும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: கொள்ளளவி என்றால் உங்கள் மின்தேக்கி. எங்கள் வலு, உங்கள் திறன். இந்தச் சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம்.) வழங்கியின் 12 வோல்ற்றுக் கம்பியில் மின்னழுத்தமானி 11.4இற்குக் கீழே காட்டினால் வழங்கியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இனி, இந்த மூன்றாவது நிகழ்வுக்கு, சென்னை நண்பரிடம் முன்பே சொன்ன என் சொல்: நூர்வு.

> ‘நூர்வு’ உங்கள் ஊர்ச் சொல். சென்னையில் யாருக்கும் புரியாது. ‘அணைவு’ என்றால் என்ன குறை?

யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர்ப்பார்கள். விளக்கு காற்றில் நூர்ந்துபோகும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்த வினையை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. இன்றும் ‘லைற்றை நூர்’ என்பது வீட்டுப் பேச்சுத்தான்.

இந்தச் சொல்லை நான் விரும்புவது ஊர்ப்பற்றினால் மட்டும் அல்ல. ‘நூர்ந்தது’ என்றால் தானாக. ‘நூர்த்தது’ என்றால் ஒருவர் செய்தது. தொலைபேசியில் நான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் இருக்கிறது: ‘நீங்கள் நூர்த்தீர்களா, தானே நூர்ந்ததா?’ முறைப்படி மூடுவதும், கணினி தானே இருள்வதும் ஒரே வினையின் இரண்டு முகங்களாக வந்துவிடுகின்றன. தனித்தனியே இரண்டு சொல் கட்டவேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று நிலைமாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னாரே, அன்று இலங்கை முழுவதும் நூர்ந்தது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சபை எங்களை நூர்த்தது. வேறுபாடு கேட்கிறதல்லவா?

அணைதல், அணைத்தல் என்ற இணைக்கும் இதே வசதி உண்டு என்று சென்னை நண்பர் சொல்வார்; உண்மைதான். வினையாகவே பயன்படுத்தினால் ‘கணினி அணைந்தது’ என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சிக்கல் பெயர்ச்சொல்லில் வருகிறது. அணைவு என்றதும் உங்கள் வேதியியல் பாடப்புத்தகத்தில் உள்ள அணைவுச் சேர்மம் வந்து நிற்கும். அணை என்றால் நீர்த்தேக்கம். அணைப்பு என்றால் கட்டிப்பிடித்தல். ‘திடீர் அணைப்பு’ என்று ஒரு தலைப்புப் போட்டுப் பாருங்கள். நூர்வுக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. புரியாமை ஒரு குறைதான், ஆனால் அது ஆறக்கூடிய குறை. ‘கணினி’ என்பதும் ஒருநாள் யாருக்கும் புரியாமல்தான் இருந்தது.

இரண்டாவது நிகழ்வு நீலத்திரை. இங்கே முறைமை சாகவில்லை. தன்னால் இனி நம்பிக்கையோடு நடக்கமுடியாது என்று கண்டு, தரவு கெடுவதற்கு முன் தானே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்துமுன் ஒரு பிழைக் குறியீட்டையும் காட்டுகிறது, நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதியும் வைக்கிறது. லினக்ஸில் இதற்கு ‘கேர்னல் பனிக்’ என்று பெயர். ஆகையால் ‘செயலிழப்பு’ எனக்கு ஒத்துவரவில்லை, மதுரை ஐயா. சிறுநீரகச் செயலிழப்பு என்று மருத்துவமனையில் எழுதுகிறார்கள். அது அந்த உறுப்பு வேலைசெய்யாமல் போனதைச் சொல்கிறது. நீலத்திரை போட்ட கணினி அடுத்த நிமிடமே எழும்பிப் பாட்டுப் பாடும். செயலிழப்பை, உண்மையாகவே செத்துப்போன வன்தட்டுக்கும் வலு வழங்கிக்கும் ஒதுக்கி வைப்போம். அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். நொறுங்கல் கண்ணாடிக்குச் சரி. வீழ்ச்சி விலைக்கும் அருவிக்கும்.

நிலைகுலைவுதான் இங்கே பொருத்தம். ஒழுங்காக இருந்த ஒன்று, ஒழுங்கு கெட்டு நிற்கிறது. மீண்டும் நிலைகொள்ளலாம் என்ற இடமும் சொல்லுக்குள் இருக்கிறது. ‘கணினி நிலைகுலைந்தது’, ‘அந்த இயக்கி (driver) கணினியை நிலைகுலைத்தது’, ‘நிலைகுலைவுப் பதிவு’, ‘நிலைகுலைவு அறிக்கை’ என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. நீளம் கூட என்பது நியாயமான குறைதான். பொத்தானில் எழுதுகிற சொல் அல்லவே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீலத்திரை வந்தவுடன் விண்டோஸ் தானாக மீண்டும் தொடங்கும்படிதான் வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு நிலைகுலைவு, நூர்வு போலவே தோன்றும். முறைமை அமைப்பில் அந்தத் தானியங்கு மறுதொடக்கத்தை நிறுத்திவிட்டால் திரை அப்படியே நிற்கும், எண்ணை எழுதிக்கொள்ளலாம். 124 என்று முடிந்தால் வன்பொருளே பிழை சொல்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் என் கை நினைவகத்தை நோக்கித்தான் போகும். ரீச்சர் வீட்டில் நடந்தது அதுதான். உப்புக்காற்று படிந்த தொடுமுனைகளை அழிறப்பரால் துடைத்துப் போட்டும் நிற்கவில்லை. பிறகு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் செயலியை இரவு முழுவதும் ஓடவிட்டு, இரண்டு றாம் (நினைவக) சட்டங்களையும் தனித்தனியே சோதித்தேன். ஒன்று சுத்தம். மற்றது திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தச் சட்டத்தை நம்பக்கூடாது. இதில் எண்ணவே தேவையிருக்கவில்லை. கழற்றியதோடு நீலத்திரை நின்றது. விண்டோஸை எத்தனை தரம் நிறுவினாலும் இது போயிருக்காது.

முதல் நிகழ்வை விரைவாக முடிக்கிறேன். படம் நிற்க, பெட்டி ஓடிக்கொண்டே இருப்பது. கப்ஸ் லொக் விசையை அழுத்தி அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் முறைமை உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்தபடி இருந்தால் காத்திருப்பது அதற்காகத்தான். தட்டின் தன்னறிக்கையில் (SMART), பழுதானவற்றுக்குப் பதிலாக மாற்றி ஒதுக்கிய பிரிவுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், வேறெதையும் தொடுமுன் படங்களைப் பிரதி எடுங்கள். ரீச்சருடைய தட்டில் கூடிக்கொண்டுதான் இருந்தது. பிரதி எடுத்துவிட்டுத் தட்டை மாற்றினோம். இதற்கு நான் ‘விறைப்பு’ என்று எழுத இருந்தேன். இங்கே கை விறைக்கும், கால் விறைக்கும். தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் பொலிஸ்காரர் சலூட் அடிப்பது நினைவுக்கு வரும் என்கிறார்கள். ஏற்கெனவே பலர் எழுதும் உறைவு இருக்கட்டும். சண்டை இல்லை.

> ‘மீண்டும் மீண்டும்’ என்பதற்கு முன்னொட்டு வேண்டாமா? தொடர் நிலைகுலைவு?

‘தொடர்’ என்றால் இடைவிடாமல் என்ற பொருள் வந்துவிடுகிறது. இதுவோ முறைக்காய்ச்சல் மாதிரி, நடுவில் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப வருவது. ‘மீள் நிலைகுலைவு’ என்றால் திரும்பவும் நிலைகொள்வதோ என்று ஐயம் எழும். பெயர்ச்சொல் கட்டாயம் இல்லையே. ‘அடிக்கடி நிலைகுலைகிறது’ என்று வினையடை போட்டு எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கிற ஆசைதான் நமது கலைச்சொற் பட்டியல்களைப் படிக்கமுடியாமல் செய்கிறது என்பது என் நெடுநாள் புகைச்சல்.

ஸ்காபரோ அண்ணா கேட்ட இன்னொன்று: ஒலிபெயர்த்தே வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம், எங்கள் ஊரில் அதற்கும் முன்மாதிரி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வைத்தியர் காலத்தில், இரசாயனத்துக்கு ‘கெமிஸ்தம்’ என்று எழுதினார்கள். இன்று இலங்கைப் பிள்ளைகள் இரசாயனவியல் படிக்கிறார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேதியியல் படிக்கிறார்கள். கெமிஸ்தத்தைத் தேடுபவர்கள் வரலாற்று மாணவர்கள்தான். வகுப்பறைக்குள் போன சொல் நிற்கிறது. ஆகையால் நூர்வைப் பட்டியலில் போடுவதைவிட, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நாலுபேர் வாயில் போடுவது நல்லது. அந்த வேலையை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் முடிவாகாதது ஒன்று உண்டு. முறைமை முழுவதும் நன்றாக இருக்க, ஒரு செயலி மட்டும் பட்டென்று மூடிக்கொள்வதை என்ன சொல்வது? உலாவி திடீரென மறைவது நம் எல்லோருக்கும் நடப்பது. இதை நிலைகுலைவு என்றால் நீலத்திரையோடு கலந்துவிடும். ‘செயலி முறிவு’ என்று, பட்டியலில் மீந்திருக்கும் முறிவை இங்கே பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறேன். ‘உலாவி முறிந்தது’ என்பது என் காதுக்கு இன்னும் பிடிபடவில்லை. வேறு சொல் வைத்திருப்பவர்கள் வெறும் சொல்லாக அனுப்பாமல், பயனர் பார்க்கும் அறிவிப்பு வாக்கியமாகவே எழுதி அனுப்புங்கள். படித்துப் பார்த்துத் தீர்மானிப்போம்.