மெடிசின் திறனை எடுத்து ஏமாந்தவர் நான் மட்டும்தானா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து, பதிவைத் தொடங்கியவர்

நான் தாதி. பதினோரு ஆண்டுகளாக வார்டில் வேலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்த முதல் நாள், என் பாத்திரமான கிளெரிக்குக்கு, அதாவது மந்திரம் போடும் பூசாரிக்கு, இரண்டு திறன்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் என் விரல் தானாக மெடிசினில் போய் நின்றது. இன்னொன்று ரிலிஜன். ஆட்டத்தை நடத்தும் அண்ணன், "இன்சைட் எடுத்துக்கொள்ளுங்கள், பொய் சொல்பவனைக் கண்டுபிடிக்கலாம்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். நோயாளிகள் சொல்லும் பொய்யை நான் பார்க்காததா என்று சிரித்துவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஆட்டம். பாதாளக் குகையில் எங்கள் ரேஞ்சர், அதாவது காடு சுற்றும் வீரர், அடிபட்டு விழுந்தார், உயிர்ப் புள்ளி பூஜ்யம். என் மந்திரங்களெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. சரி, இதற்குத்தானே படித்தோம் என்று மெடிசினை எடுத்தேன். 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தின்படி, சாகக் கிடப்பவரை நிலைப்படுத்த, பகடையில் விழுவதையும் நம் திறனுக்கான புள்ளிகளையும் கூட்டி 10 எடுத்தால் போதும். விஸ்டம் என்ற விவேகத்துக்கு 3, மெடிசினில் தேர்ச்சிக்கு 2, ஆக 5 என் கையிலேயே இருந்தது. இருபது முகப் பகடையில் 5 விழுந்தாலே ரேஞ்சர் பிழைப்பார். விழுந்தது 1.

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி கைதட்டினார். "தாயம்! தாயம் விழுந்திருக்கிறது, ஏன் எல்லாரும் எழவு வீடு போல உட்கார்ந்திருக்கிறீர்கள்?" பித்தளைத் தாயக்கட்டையோடு வளர்ந்தவருக்கு ஒன்றைவிட நல்ல எண் உண்டா!

அடுத்ததாக நடந்ததுதான் எனக்கு அவமானம். பதினேழு வயதுத் தம்பி ஒருவன் ரோக், அதாவது திருடன் பாத்திரம், ஆடுகிறான். மெடிசின் திறன் அவனிடம் கிடையாது. ஐந்து பொற்காசுக்கு வாங்கிய சிகிச்சைப் பையைத் திறந்தான், ரேஞ்சர் பிழைத்தார். பகடையே தேவையில்லை! அந்தப் பையைப் பத்து முறை பயன்படுத்தலாமாம். என் பதினோரு ஆண்டு அனுபவத்தின் விலை அரைப் பொற்காசு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு கோட்டைக்குள் போனோம். வாசலில் பிணம். "அரை மணி நேரத்துக்கு முன்புகூட என்னோடு பேசிக்கொண்டிருந்தார்" என்றான் காவலன். அவன் முகத்தைப் படிக்க எங்களில் ஒருவரிடமும் இன்சைட் இல்லை. நான் பகடையைத் தொடவில்லை. "பிணத்தின் முழங்கையை மடக்கிப் பார்க்கிறேன், மடங்குகிறதா?" என்று கேட்டேன். அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தார். "மடங்கவில்லை. கட்டை போல விறைத்திருக்கிறது." உடம்பு அப்படி முழுதாக விறைக்கப் பல மணி நேரம் ஆகும். காவலன் மாட்டிக்கொண்டான். முடிவு சந்தேகமாக இருக்கும்போதுதான் பகடை, இங்கே என்ன சந்தேகம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

உங்கள் மேசையில் வீணாய்ப் போன திறன் எது? சொல்லுங்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து

அக்கா, உங்களுடையதாவது ஒரு நாள் பயன்பட்டது. நான் வீரன். என் பாத்திரத்துக்குக் குற்றவாளிப் பின்னணியைத் தேர்ந்தெடுத்ததால், பதுங்கிப் போகும் திறனான ஸ்டெல்த் கிடைத்தது. நிழல் போல நடப்பேன் என்று கற்பனை. உடம்பில் போட்டிருந்ததோ சங்கிலிக் கவசம். அந்தக் கவசத்தோடு பதுங்கினால் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும் என்ற வரியை நான் படிக்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்தது 2, தேவை 12. ஒரே முறை உருட்டினால் 55 சதவீத வாய்ப்பு. இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுத்தால் 30தான். தேசிய சேவையில் தெக்கோங் தீவுக் காட்டில் முழு மூட்டையோடு இரவில் சத்தமில்லாமல் நடக்கச் சொன்னார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குழுவாகப் பதுங்கும்போது பாதிப் பேர் தேறினால் எல்லாரும் தேறியதாக ஒரு விதி இருக்கிறது. நால்வரில் இருவர் என்னைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். சத்தம் போடாத மார்புக் கவசம் 400 பொற்காசு. இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோ பாயோவிலிருந்து

எனக்கு நேர்மாறான வருத்தம். பள்ளி நாளில் விவாத மேடைகளில் பேசியவன். அந்தத் தெம்பில், ஆளைக் கவரும் தன்மையான கரிஸ்மாவுக்குக் குறைவாக 8 போட்டு, பேசி இணங்கவைக்கும் திறனான பர்சுவேஷனையும் எடுக்காமல் விட்டேன். நான்தான் பேசப்போகிறேனே, எதற்கு என்று. ஆற்றங்கரையில் சுங்கக்காரனிடம் இரண்டு நிமிடம் குறளெல்லாம் சொல்லி வாதாடினேன். மேசையே வாயடைத்தது. ஆட்டத்தை நடத்துபவர் அமைதியாக, "அருமை. இலக்கு 15, உருட்டுங்கள்" என்றார். கரிஸ்மா 8 என்பதால் என் தாளில் இருந்தது கழித்தல் 1. 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 25 சதவீதம். நல்ல பேச்சுக்காக இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார், அப்படியும் ஏறக்குறைய 44தான்.

தோற்றேன். நீந்திப் போனோம். இது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். வாள் வீசத் தெரியாத நம் ஜூரோங் நண்பர் வீரனாக ஆடலாம், பேசத் தெரிந்த நான் மட்டும் திக்குவாயனாக வேண்டுமா?

ஈசூனிலிருந்து

தோ பாயோ அண்ணன், உங்கள் கட்சியில் நான் இல்லை. பேச்சையும் பகடைதான் முடிவு செய்யும் என்ற விதி இல்லாவிட்டால், அதிகம் பேசாத எங்கள் ரோக் தம்பி எந்த ஜென்மத்தில் இளவரசனாக நடிப்பது? ஆனால் இலக்கை 15லிருந்து 10க்காவது இறக்கியிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை தம்பி வரவில்லை. பாட்டி அவனுக்குப் பதிலாக உருட்டினார். மூன்று முறை 1. ஒவ்வொரு முறையும் எங்களிடம் காசு கேட்டார்.