1500-க்கு முந்தைய ஆண்டு பொறித்த காசு: தேர்ந்தெடுக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆண்டு பொறித்த இடைக்கால ஐரோப்பிய நாணயம் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் அடித்த, 1234-ஆம் ஆண்டு பொறித்த வெள்ளிக் காசெல்லாம் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டியது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் 1424-இல் வெளியிட்ட பிளாப்பார்ட் என்ற வெள்ளிக் காசும் எனக்கு எட்டாது. கையில் இருப்பது 150 யூரோ.

அதனால் பர்கண்டி ஆட்சியில் நெதர்லாந்துப் பகுதிகளில் 1474 முதல் ஆண்டோடு வெளிவந்த டபுள் பிரிக்கே என்ற வெள்ளிக் காசைத் தேடுகிறேன். ஏலத்தில் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு சிங்கங்கள், நடுவில் தீத்தட்டும் இரும்பு, சிதறும் பொறிகள். கரோலஸ் (அப்போது பர்கண்டியை ஆண்ட கோமகன் சார்ல்ஸின் லத்தீன் பெயர்) என்ற பெயர் தெளிவு. ஆண்டில் 147 வரை படிக்க முடிகிறது, கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. அந்தக் காலத்து 4, அடிப்பாதி அறுந்த 8 போல இருக்கும். 7 கூரை போல இருக்கும். இதில் மேலே ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. சார்ல்ஸ் 1477 ஜனவரியில் போரில் இறந்தவர் என்பதால் 4, 5, 6-இல் ஒன்றாக இருக்கலாம்.

இலக்கம் உறுதியாகாமல் வாங்கலாமா? போன முறை ஓரம் வெட்டுப்பட்ட காசை அவசரப்பட்டு வாங்கி, ஆண்டே இல்லாமல் போனது, இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம், ஏலக் கமிஷன், தபால், சுங்க வரி சேர்த்து நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஏலம் ஞாயிறு முடிகிறது.