பொது இணையச் சேவைகளை நம்பிச் செயலி எழுதலாமா?

வைகைக்கரை:
புதிதாகச் செயலி எழுத வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து காண்கிறேன். முகவரியைக் கொடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கண்டறியும் நிரலையும், வானிலைத் தரவைத் திரட்டும் நிரலையும் தாங்களே எழுதத் தொடங்கி, செயலியின் உண்மையான வேலைக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். முகவரித் தேடலை, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்டு நாமினாட்டிம் செய்து தருகிறது. வணிக நோக்கமற்ற பயன்பாடு என்றால் ஏபிஐ (நிரல்கள் சேவையிடம் தரவு கேட்கும் வழி) கீ என்ற அடையாளக் குறியீட்டைக்கூடக் கேட்காமல் ஓப்பன்-மீட்டியோ வானிலை முன்கணிப்பைத் தருகிறது. உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஜியோஜேசன் என்ற, இடத் தகவலுக்கான தரவு வடிவில் உடனுக்குடன் வெளியிடுகிறது. இத்தகைய சேவைகளைத் தேடிப் பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். ஏற்றது எதுவும் அகப்படாதபோதுதான் சொந்தமாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கல்லணை:
இதை நான் ஏற்கவில்லை. பிறருடைய சர்வரில் ஓடும் சேவை, அவர்கள் விரும்பும்வரைதான் நமக்குக் கிடைக்கும். டார்க் ஸ்கை என்ற வானிலைச் சேவையை எத்தனையோ செயலிகள் நம்பியிருந்தன. 2020 மார்ச்சில் ஆப்பிள் அதை வாங்கியதும் புதிய நிரலர்கள் சேர்வதற்கான வாசல் மூடப்பட்டது. 2023 மார்ச் இறுதியில் ஏபிஐயும் நின்றுபோனது. கூகுள் மேப்ஸைப் பாருங்கள். 2018 ஜூலைக்கு முன் ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடத்தை இலவசமாகக் காட்ட முடிந்தது. அதன்பின் மாதம் 200 டாலர் மதிப்புள்ள பயன்பாடு வரை இலவசம் என்ற முறை வந்தது. அதற்குள் அடங்கியது மாதம் முழுவதற்கும் ஏறத்தாழ 28,000 முறைதான். இலவசமாக ஓடிக்கொண்டிருந்த சிறிய தளங்கள் ஒரே அறிவிப்பில், கட்டணக் கணக்கைத் திறப்பதா, வரைபடத்தையே நீக்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு வந்தன. ட்விட்டரும் ரெட்டிட்டும் 2023இல் தங்கள் ஏபிஐக்குக் கட்டணம் விதித்து அதே வழியில்தான் சென்றன. மிச்சமாகும் உழைப்பைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். சேவை நின்ற பிறகு, பயனர்கள் கையில் இருக்கும் செயலியை அவசரமாகத் திருத்தும் உழைப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்ன நிகழ்வுகளை மறுக்கவில்லை. ஆனால் டார்க் ஸ்கையின் கதை நீங்கள் நிறுத்திய இடத்தில் முடியவில்லை. பைரேட் வெதர் என்ற சேவை, டார்க் ஸ்கை விடைகள் இருந்த வடிவத்திலேயே தன் விடைகளையும் அமைத்துக்கொண்டு வந்தது. சேவையிடம் தரவு கேட்கும் அழைப்புகளை நிரலின் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் சேவையின் இணைய முகவரியையும் கீயையும் மாற்றியே பெரும்பகுதி வேலையை முடிக்க முடிந்தது. அது சாத்தியமானதற்குக் காரணம், அடியில் இருக்கும் முன்கணிப்புத் தரவு அமெரிக்க அரசு எல்லோருக்கும் திறந்துவிட்ட தரவு என்பதே. ஒரு சேவையை எடுப்பதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நடத்துகிறவர் விலகினால், அதே தரவைக் கொண்டு இன்னொருவர் அந்தச் சேவையை மீண்டும் எழுப்ப முடியுமா? கூகுள் மேப்ஸில் முடியாது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முடியும். இரண்டையும் "பிறருடைய சர்வர்" என்று ஒரே கூடையில் போடுவது சரியல்ல.

நிரலோடை:
தேடுவது பற்றி இருவருமே பேசவில்லை. நடைமுறையில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த யுடிடிஐ, உலகின் இணையச் சேவைகளையெல்லாம் ஒரே பதிவேட்டில் தேடலாம் என்ற கனவோடு வந்தது. அதன் பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. 2005இல் தொடங்கிய புரோகிராமபிள்வெப் என்ற ஏபிஐ அடைவும் 2023இல் நிறுத்தப்பட்டது. இன்று நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள பட்டியல்கள் உதவுகின்றன என்றாலும், அவற்றில் செத்துப்போன இணைப்புகளும், இலவசம் என்று எழுதியிருந்து இப்போது கட்டணமாகிவிட்டவையும் கலந்தே கிடக்கின்றன. ஆகவே பட்டியலைக் குறிப்பாக மட்டும் கொண்டு, தரவை உண்டாக்குகிற நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கே செல்லுங்கள். ஏபிஐயை விவரிப்பதற்கான பொது வடிவமான ஓப்பன்ஏபிஐயில் விவரக் கோப்பு இருக்கிறதா, கடைசி மாற்றம் எப்போது வந்தது, வரம்பை மீறினால், கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்பதற்கான 429 என்ற குறியீட்டோடு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறதா என்று பாருங்கள். உரிமத்தை நிரல் எழுதும் முன்பே படியுங்கள். மாதிரி நிரலை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்த பிறகு யாரும் உரிமத்தைப் படிப்பதில்லை.

கல்லணை:
நிரலோடை சொல்வது பயனுள்ளது, ஏற்கிறேன். ஆனால் "முகவரியை மாற்றினால் போதும்" என்று வைகைக்கரை சொல்வது எல்லா இடத்திலும் நடக்காது. வானிலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு சேவை ஒரு நாள் என்பதை உள்ளூர் நள்ளிரவிலிருந்து கணக்கிடும். இன்னொன்று யூடிசி என்ற உலகப் பொது நேரத்தின் நள்ளிரவிலிருந்து, அதாவது நம் நேரப்படி காலை 5.30லிருந்து கணக்கிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாளோ காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. மூன்றிலும் புலத்தின் பெயர் "நாள் மழை அளவு" என்றே இருக்கலாம், அலகும் மில்லிமீட்டராகவே இருக்கலாம். விடியற்காலையில் கொட்டிய மழை ஒன்றில் இன்றைய கணக்கிலும் மற்றொன்றில் நேற்றைய கணக்கிலும் விழும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. விவசாயிக்குத் தவறான எண் மட்டும் போய்ச் சேரும்.

தனியுரிமையும் இருக்கிறது. மருத்துவமனைச் செயலி ஒன்று நோயாளியின் வீட்டு முகவரியை வெளிநாட்டுத் தேடல் சேவைக்கு அனுப்புவது அந்த நோயாளிக்குத் தெரியுமா? இது நிரலரின் வசதிக்காக மட்டும் முடிவு செய்யக்கூடிய விஷயம் அல்ல.

வைகைக்கரை:
மழை நாள் பற்றிய உங்கள் எடுத்துக்காட்டு என் வாதத்தில் இருந்த உண்மையான ஓட்டையைக் காட்டுகிறது. வடிவம் ஒத்திருப்பதை வைத்துப் பொருளும் ஒத்திருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேவையை மாற்றும்போது, கடந்த சில வாரங்களின் மதிப்புகளை இரண்டிலிருந்தும் பெற்று ஒப்பிடும் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் இதிலிருந்து "எல்லாவற்றையும் நாமே நடத்துவோம்" என்ற முடிவு வந்துவிடாது. நாமினாட்டிமில் முழு உலகத் தரவையும் ஏற்ற ஒரு டெராபைட் அளவுக்கு வேகமான வட்டும் அதற்கேற்ற நினைவகமும் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து எழுதும் செயலிக்கு அது கட்டுப்படியாகாது.

பொதுச் சேவையின் விதிகளையும் பாருங்கள். நாமினாட்டிமின் பொது சர்வர் நொடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுமதிப்பதில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டும்போதே தேடுவதைத் தடை செய்கிறது. கேட்டதையே திரும்பக் கேட்காமல் விடையைச் சேமித்து வைக்கச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலியின் புதிய பதிப்பை வெளியிடாமலேயே வேறு சேவைக்கு மாறக்கூடியபடி எழுதியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நீங்கள் அஞ்சுகிற நாளுக்கு ஆயத்தமாகும்படி அந்தச் சேவையே நிபந்தனை வைக்கிறது. நன்கொடையில் ஓடும் சர்வர் அது. அந்த விதிகளை மதிக்காமல் இலவசம் என்று அள்ளுகிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்கும் அதை இல்லாமல் செய்துவிடுவார்கள்.

நிரலோடை:
ஒரு நடுவழியும் உண்டு. உலகம் முழுவதும் தேவைப்படாதவர்கள் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்பகுதிக்கு மட்டும் கிடைக்கும் தரவுக் கோப்பை இறக்கி, சொந்த நாமினாட்டிமில் ஏற்றலாம். அதற்குச் சாதாரண வாடகைச் சர்வர் போதும். நோயாளியின் முகவரி வெளியே போகாது, நொடிக்கு ஒன்று என்ற வரம்பும் இல்லை.

கல்லணை:
தென்பகுதிக் கோப்பு என்றால் எனக்கு உடன்பாடு, அது நாமே நடத்துவதுதான். முகவரித் தேடலைப் பொறுத்தவரை இனி வாதம் செய்ய ஒன்றுமில்லை. வானிலையில் என் நிலை மாறவில்லை. சேவை நின்றுபோகும் நாளில் செயலி எதைக் காட்டும் என்பதை எழுதி முடிக்காத வரை, அதை விவசாயிகளின் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். "தரவு கிடைக்கவில்லை, கடைசியாகப் பெற்றது இந்த நேரத்தில்" என்ற வரி முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும்.

வைகைக்கரை:
அந்த வரி முதல் பதிப்பிலேயே இருக்கட்டும். ஓப்பன்-மீட்டியோவின் மூல நிரலும் திறந்தே இருப்பதால், தேவைப்பட்டால் நாமே நடத்தும் வழியும் இருக்கிறது. ஆனாலும் செயலியை அதில்தான் தொடங்குவேன்.