ரோபோ வைத்து கிட்னி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணனுக்கு இரண்டு கிட்னியிலும் பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய். அப்பாவுக்கும் இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, நான் தப்பிவிட்டேன். சாதாரணமாக ஒரு கிட்னி 150 கிராம் அளவில்தான் இருக்கும். அண்ணனின் இடது கிட்னி மட்டும் இரண்டரை கிலோ. வேட்டி இடுப்பில் நிற்காது, நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காது. கிட்னி வேலை செய்யாமல் டயாலிசிஸில் இருக்கிறார், மாற்றுக் கிட்னிதான் வழி. மாற்றுக் கிட்னி வைக்கும்போது பழையதைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. இவருக்குப் புதியதை வைக்க இடமே இல்லை, கட்டிக்குள் அடிக்கடி ரத்தம் கசிந்து காய்ச்சல் வேறு. அதனால் கொச்சியில் எடுத்தோம்.

"மெஷின் தானாவே அறுக்குமா?" என்று அம்மாவுக்குப் பயம். இல்லை, டாக்டர்தான் அறுக்கிறார். அதே அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடிகளை அசைக்கிறார். ரோபோவின் கைகள் உள்ளே அதைச் செய்கின்றன. துளை ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர்தான் என்றார்கள். பக்கத்தில் நின்ற எங்கள் சித்தப்பா, "அப்போ ரெண்டரை கிலோ எந்த வழியா சார் வெளியே வரும்?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். பைக்குள் போட்டு, அடிவயிற்றில் ஒரு கையகலம் கீறித்தான் எடுப்பார்களாம். நாங்கள் கேட்காமலிருந்தால் அந்தத் தழும்பைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருப்போம்.

முந்தைய நாள் டயாலிசிஸ், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் இல்லாமல். பிஸ்டுலா கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கும் கையில், சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டி, ஊசி கூடாது, பிபி கூடாது என்று மலையாளத்தில் எழுதினார். கீழே நான் தமிழிலும் எழுதினேன், அண்ணன் படிக்கட்டும் என்று.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அண்ணனுக்குத் தோள்பட்டை வலி! நெஞ்சுவலி என்று வார்டையே கூட்டிவிட்டார். வயிற்றை உப்ப வைக்க அடித்த கார்பன் டை ஆக்சைடு செய்கிற வேலையாம் அது. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செங்கோட்டை மருமகள்:
என் மாமியாருக்கும் ரோபோவில்தான் தொடங்கினார்கள். பழைய ஆபரேஷனால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடந்ததால் பாதியில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். தேவைப்பட்டால் திறப்போம் என்று கையெழுத்து வாங்கிய தாளிலேயே இருந்திருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. படுக்கையும் கூடுதல் நாள், பில்லும் கூடுதல்.

நகரி தறிக்காரர்:
எனக்கு இரண்டையும் எடுத்துவிட்டார்கள் தம்பி. ஆபரேஷன் ஒன்றும் பெரிதில்லை, அதற்கப்புறம்தான் கஷ்டம். முன்னே கொஞ்சமாவது சிறுநீர் வரும், இப்போது சொட்டுகூட இல்லை. குடித்ததெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே நிற்கும். நகரி வெயிலில் தறிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை அளந்து குடிப்பது என்றால் யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய பங்கை ஊற்றி வைப்பாள் வீட்டுக்காரி, மாத்திரைக்கும் அதிலிருந்துதான். ரத்தமும் குறைந்தது, ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். உங்கள் அண்ணனுக்கு வலதையும் எடுத்தாயிற்றா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இல்லைங்கண்ணா. அதில் இன்னும் கொஞ்சம் சிறுநீர் வருகிறது, வரும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இறந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெற்றுத் தரும் கேரள அரசின் மிருதசஞ்சீவனியில் பெயர் பதிந்திருக்கிறோம். நேற்று இரண்டு தோசை முழுசாகத் தின்றார்.