ஆங்கிலச் சொல்லை வரி முடிவில் எங்கே உடைப்பது?

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு):
எங்கள் பாடசாலை ஆண்டு மலரின் ஆங்கிலப் பகுதியை நான்தான் கணினியில் வடிவமைக்கிறேன். பத்திகள் ஒடுக்கமானவை; சொற்களை வரி முடிவில் உடைக்காமல் தீராது. தமிழில் புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், கோடும் தேவையில்லை. அதே கைப்பழக்கத்தில் 'தெரபிஸ்ட்' என்ற சொல்லை ரீ, எச், ஈ என்ற மூன்று எழுத்துகளோடு நிறுத்திக் கோடு போட்டுவிட்டேன். மிச்ச எழுத்துகள் அடுத்த வரியில் வாயால் சொல்லக் கூசும் வேறொரு சொல்லாக நின்றதை, மெய்ப்புப் பார்த்த ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். யாப்பில் அசை பிரிப்பதுபோல இதற்கும் விதி உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, களுவாஞ்சிகுடி):
தம்பி, அசை பிரித்திருந்தாலே தப்பியிருப்பீர்கள்: 'தெர' நிரை, 'பிஸ்ட்' நேர், அந்த இடத்தில் உடைக்கலாம். ஆனால் அது தற்செயல். 'நிலா' நமக்கு ஓரசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு, ஏனெனில் அங்கே காதில் விழும் உயிரொலி ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை. 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஒன்பது எழுத்து நீண்டாலும் ஓரசைதான், உடைக்கவே கூடாது. 'ரெக்கோர்ட்' பெயர்ச்சொல்லானால் சீ என்ற எழுத்துக்குப் பின்னாலும், வினைச்சொல்லானால் அதற்கு முன்னாலும் உடையும். அழுத்தம் இடம் மாறுவதே காரணம்.

பதில் (பக்க வடிவமைப்பாளர், கல்முனை):
ரீச்சர் சொன்னது சரி. ஆனால் அமெரிக்கர் ஒலியைப் பின்பற்றும் இடத்தில் பிரித்தானிய மரபு சொல்லின் பகுதியையும் பார்க்கும். 'நொலெஜ்' என்பதை அவர்கள் எல்லுக்குப் பின் உடைக்க, இவர்கள் 'நோ' என்ற பகுதி சிதையாமல் டபிள்யூவுக்குப் பின் உடைப்பார்கள். ஆகவே பத்தியின் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலமாக்கிவிட்டுத் தானியங்கிப் பிரிப்பை இயக்குங்கள். 1983 இல் ஸ்டான்போர்டில் பிராங்க் லியாங் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்த முறை, 4,447 எழுத்துக் கோலங்களைக் கொண்டே உடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நூல்களை அச்சுக்கோக்கப் பயன்படும் டெக் மென்பொருள், முன்வரியில் 2 எழுத்தும் பின்வரியில் 3 எழுத்தும் குறையாமல், அதன்படியே பிரிக்கிறது. கையால் உடைப்பதென்றால் சாதாரணக் கோடு வேண்டாம், பிறகு ஒரு சொல் கூடினாலும் அது வரியின் நடுவில் வந்து நிற்கும். வேர்டில் கன்ட்ரோலோடு கோட்டு விசையை அழுத்துங்கள். சொல் உடையும்போது மட்டும் கோடு அச்சாகும்.

கேட்டவர்:
நன்றி ரீச்சர், நன்றி அண்ணா. கன்ட்ரோல் கோட்டை ஏ என்ற எழுத்துக்குப் பின்னால் வைத்தேன். வரியில் இடம் போதாமல் முழுச் சொல்லும் தானாகவே கீழே இறங்கிவிட்டது.