சூடேற்றினால் அலுமினாவின் பரப்பளவு போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

துகள்:
அலுமினாவுக்காக (அலுமினியம் ஆக்சைடு), அதன் நீர் சேர்ந்த வடிவமான போமைட் பொடியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி 550 டிகிரியில் சுட்டால் கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பளவு (உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர்களையும் சேர்த்து) வருகிறது, ஆனால் விரலால் அழுத்தினாலே உருண்டை பொடிந்துவிடுகிறது. பலம் வரட்டும் என்று 1150 வரை ஏற்றினேன். இப்போது கல் மாதிரி இருக்கிறது, பரப்பளவோ ஒற்றை இலக்கம். இதைத் தாங்கியாக வைத்து இதன்மேல் வினையூக்கியாக நிக்கல் ஏற்ற வேண்டும். இரண்டும் கிடைக்கிற மாதிரி நடுவில் ஒரு வெப்பநிலை உண்டா?

சூளைக்காரன்:
அலுமினாவுக்குப் பல படிக வடிவங்கள் உண்டு. 550இல் வந்தது காமா. 1150இல் உங்களிடம் இருப்பது காமா அலுமினாவே இல்லை, ஆல்ஃபா. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) எடுத்தால் தெரிந்துவிடும்: காமாவுக்கு 46, 67 டிகிரி கோணங்கள் பக்கம் அகலமான மேடுகள்தான் இருக்கும், ஆல்ஃபாவுக்கு 43, 57 பக்கம் ஊசி மாதிரி சிகரங்கள் நிற்கும். காமா, டெல்டா, தீட்டா என்று போகிறவரை பரப்பளவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். ஆல்ஃபாவாகும்போது ஆக்சிஜன் அடுக்குமுறையே மாறி, படிகங்கள் பெருத்து, நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. அதனால் நடு வெப்பநிலை தேடுவதில் பெரிய பலன் இல்லை.

ஈரமண்:
பலத்தைச் சூட்டில் தேடாதீர்கள், பிசையும்போதே கொண்டுவாருங்கள். வெறும் தண்ணீருக்குப் பதிலாக நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டால் போமைட் கட்டிகள் உடைந்து கூழாகி, உலரும்போது ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அமிலம் கூடினால் பெரிய துளைகள் போய்விடும், பார்த்துச் சேருங்கள். அப்புறம் உலர்த்துவதில் அவசரம் வேண்டாம், பாதி விரிசல் அங்கேதான் விழுகிறது.

துகள்:
சரி, அமிலம் விட்டுப் பார்க்கிறேன். ஆனால் வினை மீத்தேனும் நீராவியும், 850 டிகிரி. அங்கே இந்தக் காமா தாங்குமா?

நுண்துளை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நீராவி இருந்தால் பரப்பளவு இன்னும் வேகமாகச் சரியும், காமா அங்கே நிலைக்காது. போதாததற்கு நிக்கலும் காமாவோடு சேர்ந்து நிக்கல் அலுமினேட் ஆகிவிட்டால், அதைத் திரும்ப உலோகமாக ஒடுக்குவது பெரும்பாடு. ஆலைகளில் இந்த வினைக்கு ஆல்ஃபா அலுமினாவையோ மெக்னீசியம், கால்சியம் அலுமினேட்டுகளையோதான் தாங்கியாக வைக்கிறார்கள், பரப்பளவு குறைவு என்று தெரிந்தேதான். எத்திலீன் ஆக்சைடு தயாரிக்கும் வெள்ளி வினையூக்கியும் ஆல்ஃபாமேல்தான் இருக்கிறது. அங்கே பரப்பு கூடினால் கிடைத்த ஆக்சைடு மேலும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ஆக, உங்கள் 1150 டிகிரி உருண்டையைத் தூக்கிப் போடாதீர்கள், நிக்கலை அதிலேயே ஏற்றிப் பாருங்கள்.

பரப்பு போதவில்லை என்றால் கார் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியைப் பாருங்கள். பலம் கார்டியரைட் என்ற பீங்கானால் ஆன தேன்கூட்டுடையது, பரப்பு அதன்மேல் பூசிய மெல்லிய அலுமினாவுடையது. அந்த அலுமினாவில் கொஞ்சம் லாந்தனம் சேர்த்துவிடுவார்கள், ஆல்ஃபாவாக மாறுவதை அது தள்ளிப்போடும்.

எதைச் செய்தாலும் பரப்பளவை 850 டிகிரியில் நீராவி விட்டு எடுத்த பிறகு அளங்கள். சுட்டவுடன் வருகிற எண்ணை வைத்துத் தாங்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.