ஆர்டுயினோவுக்கு யூஎஸ்பி பெர்மிஷன் கிடைக்கல, உபுண்டு தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க

தலவாக்கலை_தம்பி:
அண்ணமாரே, லயத்துக்குப் பக்கத்துல வைக்க ஒரு மழைமானி செய்றோம், தண்ணி நெறஞ்சா மாறி மாறி சாயுற சின்ன பக்கெட் இருக்குமே அது, ஒருதரம் சாஞ்சா 0.2 மில்லிமீட்டர் கணக்கு. 24 மணித்தியாலத்துல 75 தாண்டுனா மண்சரிவு கவனம்னு சொல்றாங்கல்ல, நம்ம மேட்டுல எவ்வளவுன்னு நம்மளே பாக்கத்தான். லெப்டொப்ல உபுண்டு 22.04 (லினக்ஸ்), ஆர்டுயினோ போர்டுக்கு கோட் ஏத்துற புரோகிராம ஸ்னெப்ல போட்டேன், ஆப்ப தனி வேலிக்குள்ள வச்சு ஓட்டுற பேக்கேஜ் அது. ஊனோங்கிற ஆர்டுயினோ போர்ட குத்தி அப்லோட் குடுத்தா பெர்மிஷன் டினைட், அனுமதி இல்லன்னு வருது. யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப் உள்ள மலிவு நேனோ போர்டு ஒண்ணும் இருக்கு, அது போர்ட் லிஸ்ட்லயே வரமாட்டேங்குது, ஆனா பக்கத்து வீட்டு விண்டோஸ்ல ரெண்டுமே ஓடுது. கேபிள் மாத்தியாச்சு.

நானுஓயா_மச்சான்:
போர்ட்டுக்கு சீஎச்மோட் 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) குடு மச்சான், முடிஞ்சிரும்.

பண்டாரவளை_அண்ணே:
முடியாது. லினக்ஸ்ல போர்ட்டும் ஒரு ஃபைல்தான், கழட்டி திரும்ப குத்துனா அந்த ஃபைல் புதுசா உருவாகும், 777 போயிரும். அதோட ஸ்னெப்புக்குள்ள இருக்கிற புரோகிராம ஆப்பார்மர்ங்கிற லினக்ஸ் பாதுகாப்பு தனியா தடுக்குது, ஃபைல் பெர்மிஷன எவ்வளவு தொறந்து வச்சாலும் அது விடாது.

தம்பி, ஊனோவும் நேனோவும் வேற வேற கோளாறு, சேர்த்துக் குழப்பிக்காதீங்க. மொதல்ல ஊனோ. டெவ் ஃபோல்டர்ல அந்த போர்ட்ட எல்எஸ் -எல் போட்டுப் பாருங்க, ஓனர் ரூட் (அட்மின்), குரூப் டயலவுட்னு (இந்த மாதிரி போர்ட்ட பாவிக்க அனுமதி உள்ள குரூப்) இருக்கும். நீங்க அந்த குரூப்ல இல்லாட்டி யூசர்மோட் கமாண்ட்ல உங்கள சேர்க்கணும், சின்ன ஏ-யும் பெரிய ஜி-யும் ரெண்டுமே போடணும், ஏ-ய விட்டுட்டா டயலவுட்ல மட்டும் வச்சுட்டு அட்மின் அதிகாரம் குடுக்கிற சுடோ உட்பட மத்த குரூப்ல இருந்தெல்லாம் உங்கள தூக்கிரும், அப்புறம் சுடோவும் இல்லாம முழிக்கணும். ரீஸ்டார்ட் பண்ணுங்க, டெர்மினல மூடித் தொறந்தா பத்தாது.

அடுத்தது ஸ்னெப். ஸ்னெப் கனெக்ஷன்ஸ்னு அடிச்சு ஆர்டுயினோ பேர குடுங்க. யூஎஸ்பிய தொட ஸ்னெப்புக்கு அனுமதி குடுக்கிற ரோ-யூஎஸ்பி வரியில ஸ்லொட் இருக்க வேண்டிய எடத்துல வெறும் கோடு இருந்தா கனெக்ட் ஆகலன்னு அர்த்தம், அது தானா கனெக்ட் ஆகாது, நம்மதான் சுடோவோட ஸ்னெப் கனெக்ட் குடுக்கணும். இந்த விஷயத்துல ஸ்னெப் மேல எனக்கு கொஞ்சம் கோவந்தான், ரெண்டு தடைக்கும் ஒரே பெர்மிஷன் டினைட்ட காட்டுனா ஆளுக்கு எப்படி வெளங்கும்? கேர்னல் பதிவுகள காட்டுற டீமெசேஜ்ல ஆப்பார்மர், டினைட்னு வரி விழுந்திருந்தா ஸ்னெப் தடுக்குது, இல்லாட்டி குரூப்பப் பாருங்க.

தலவாக்கலை_தம்பி:
அண்ணே ஊனோ ஏறிருச்சு!! டயலவுட்ல இருந்தேன், ரோ-யூஎஸ்பி வரியிலதான் கோடு. நேனோ இன்னும் அப்படியேதான், டீமெசேஜ்ல சிஎச்341 டிடிஒய்யூஎஸ்பி0ங்கிற போர்ட்ல சேர்ந்துச்சுன்னு வருது, ஒடனே பிஆர்எல்டிடிஒய்னு என்னவோ வந்து கழண்டு போச்சுன்னு வருது.

பண்டாரவளை_அண்ணே:
அதுதான் ஆள். சிஎச்341ங்கிறது உங்க சிஎச்340 சிப்போட டிரைவர் பேர்தான். பிஆர்எல்டிடிஒய்ங்கிறது பார்வை இல்லாதவங்க பாவிக்கிற பிரெய்ல் கருவிக்கான சேவை. சில பிரெய்ல் கருவிக்குள்ளயும் இதே சிப், ஐடி 1ஏ86:7523, அதனால நேனோவ பிரெய்ல் கருவின்னு நெனச்சு எடுத்துக்குது. 22.04-ல நெறைய பேருக்கு வந்த வில்லங்கம் இது. ஊனோவுக்கு வேற சிப், அதான் தப்பிச்சுது. அந்த லெப்டொப்ல யாரும் பிரெய்ல் பாவிக்கலன்னா ஏபிடி ரிமூவ் குடுத்து பிஆர்எல்டிடிஒய்ய எடுத்துருங்க. பாவிக்கிறாங்கன்னா எடுக்காதீங்க, குத்துற கருவிய என்ன செய்யணும்னு சொல்ற யூடெவ் ரூல்ஸ்ல அந்த ஐடி வர்ற வரிய மட்டும் கமெண்ட் பண்ணி நிறுத்துங்க.

நானுஓயா_மச்சான்:
நான் ஸ்னெப் மாதிரியே உள்ள ஃப்ளெட்பெக்ல போட்டிருக்கேன், ரோ-யூஎஸ்பி எதையும் தொடல, ஓடுதே?

பண்டாரவளை_அண்ணே:
ஃப்ளெட்பெக்ல டிவைஸ் ஆல்னு, எல்லா கருவிக்கும் அனுமதி, அந்த ஆப்லயே குடுத்திருப்பாங்க மச்சான். ஆனா டயலவுட் அங்கயும் வேணும், பிஆர்எல்டிடிஒய் அங்கயும் பிடுங்கும், ரெண்டும் சேண்ட்பொக்ஸுக்கு, அதாவது ஆப்ப சுத்தி இருக்கிற அந்த வேலிக்கு வெளிய நடக்கிற விஷயம்.

தலவாக்கலை_தம்பி:
எடுத்துட்டேன், நேனோ வந்துருச்சு அண்ணே. இனி பக்கெட்டுக்குள்ள கொழுந்து தூசி விழாம வலை ஒண்ணு போடணும்.